செருப்புகூட வராது

நாவல்குறிச்சியில் செருப்புகள் தாமாக நடக்கத் தொடங்கியது ஒரு ஆடிச் செவ்வாய்க்கிழமை. முப்பிடாதி அம்மன் கோயிலில் உச்சிப் பூசை முடிந்து, கையில் தொன்னைப் பொங்கலும் நெற்றியில் குங்குமமுமாக வெளியே வந்த சனம் பார்த்தால் வாசலில் ஒரு செருப்பு இல்லை. மிதித்தால் விளக்கெரிகிற பிள்ளைச் செருப்பு, கல்யாண வீட்டுக்கென்று எடுத்துவைத்து அம்மனுக்காக இறக்கிய குதி உயர்ந்த செருப்பு, நடக்கும்போது கீச்சுக் கீச்சென்று கத்துகிற தோல் செருப்பு, இன்றைக்கோ நாளைக்கோ என்று வாரில் ஊக்கு மாட்டிக்கொண்டு உயிரைப் பிடித்திருந்த ரப்பர் செருப்பு, எதுவும் இல்லை, பெருக்கித் தெளித்த முற்றம்போல வாசல் வெறிச்சென்று கிடந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் சத்தம் கொடுத்தாள், எல்லாச் செருப்பும் பள்ளிவாசல் முன்னால் கிடக்கிறது என்று.

அப்படித்தான் கிடந்தன. ஜோடி பிரியாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், படிக்கு எவ்வளவு தள்ளிக் கழற்ற வேண்டுமோ அவ்வளவு தள்ளி, உள்ளே போனவர்கள் இப்போதுதான் விட்டுவிட்டுப் போன பாவனையில் பள்ளியைப் பார்த்துக் கிடந்தன. அவ்வளவு செருப்பைக் கண்ட, பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் அசனார், யாரோ பெரிய ஆள் மவுத்தாகிவிட்டார், தனக்குத்தான் தகவல் வரவில்லை என்று நினைத்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நின்றார். தார் ரோட்டில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி வந்த பெண்களைப் பார்த்ததும் சோகத்தை விட்டுவிட்டு, தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற குழாய்களைத் திறந்துவிட்டு, முதலில் காலை நனையுங்கள், செருப்பு எங்கேயும் ஓடிவிடாது என்றார். அந்தக் கடைசி வார்த்தையை ஊர் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவர்களின் செருப்புகள் சவேரியார் கோயில் வாசலில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்துவிட்டு வந்த கிறிஸ்தவர்களின் செருப்புகள் முப்பிடாதி அம்மன் வாசலில் இருந்தன. நாவல்குறிச்சியின் மூன்று கோயில்களும் ஒரே முக்கில், பஸ் ஸ்டாப்பைச் சுற்றி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பவை. கொட்டு அடிக்கிற நேரம், மைக் வைக்கிற உயரம், ஊர்வலம் திரும்புகிற முனை என்று ஆயிரம் வழக்கு அவற்றுக்கிடையே உண்டு. ஆனால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்கிற ஒரு விஷயத்தில் மட்டும் எந்தக் காலத்திலும் கருத்து வேறுபாடு வந்ததில்லை. செருப்புகளும் அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்பியிருந்தன.

முதலில் சண்டைதான் வந்தது. உன் ஆட்கள் தூக்கினார்கள், என் ஆட்கள் ஏன் தூக்க வேண்டும், உன் செருப்பை என் வாசலில் கொண்டுவந்து போட்டு அசிங்கப்படுத்துகிறாயா என்று பேச்சு வளர்ந்து, போலீஸ் ஸ்டேஷனில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. இன்ஸ்பெக்டர் மூன்று வாசல் கேமராக்களையும் போட்டுப் பார்த்தார். செருப்பு கிடக்கிறது, குறுக்கே ஒரு பஸ் போகிறது, பஸ் போன பிறகு செருப்பு இல்லை. எந்தக் கேமராவிலும் அவ்வளவுதான் இருந்தது. அடுத்த செவ்வாய் இன்ஸ்பெக்டரே பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு அம்மனைக் கும்பிடப் போய், வெளியே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் காலுறையோடு ரோட்டைத் தாண்டிப் பள்ளிவாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். அன்றோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

சனங்கள் சும்மா இருக்கவில்லை. சங்கிலி போட்டுப் பூட்டினார்கள், சங்கிலியும் கூடவே போயிற்று. பைக்குள் போட்டு உள்ளே தூக்கிப் போனார்கள், பையின் கனம் குறைவது கைக்குத் தெரிந்தது, எப்போது குறைந்தது என்று தெரியவில்லை. வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலில் வந்தார்கள், வீட்டிலிருந்து கிளம்பிப் போய்விட்டன. ஒரு வாத்தியார் இடது செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு வந்தார், வலது செருப்பு வீட்டிலிருந்து வந்து இடது செருப்பைக் கூட்டிக்கொண்டு போயிற்று என்று அவரே சொன்னார். கடைசியில் ஊர் ஓய்ந்து, சரி, இது இப்படித்தான் என்று ஒரு முடிவுக்கு வந்தது. ஒரு விஷயம் இப்படித்தான் என்று தெரிந்துவிட்டால் நாவல்குறிச்சிக்காரர்கள் அதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்துகொள்வார்கள், மழைக்குக் குடை வாங்குகிற மாதிரி.

மூன்று கமிட்டியும் சேர்ந்து தேங்காய்நார் விரிப்பு வாங்கி, மூன்று வாசலையும் இணைத்து ரோட்டில் விரித்து, வெயில் நேரத்தில் தண்ணீர் தெளிக்க ஆள் போட்டன. பஸ் டிரைவர்கள் விரிப்புக்கு வழிவிட்டு வண்டியை ஓரம் கட்டப் பழகினார்கள். செவ்வாய் பள்ளிவாசலில் நன்னாரி சர்பத் கொடுத்தார்கள், வெள்ளி சவேரியார் கோயிலில் சிஸ்டர்கள் மோர் கொடுத்தார்கள், ஞாயிறு அம்மன் கோயிலில் சுண்டல் கொடுத்தார்கள். செருப்பை எடுக்க வந்தவர்கள் சுண்டலைத் தின்றுகொண்டு நிழலில் நின்றார்கள், நின்றவர்கள் பேசினார்கள், பேசியவர்களுக்கு மகனுக்கு வரன் பார்ப்பது, கிணறு வற்றியது, மருமகள் கோபித்துக்கொண்டு போனது என்று எல்லா வாசலிலும் ஒரே கதைதான் இருந்தது. செருப்பைப் பார்த்தவுடனேயே ஆள் என்ன மதம் என்று சொல்லிவிடுவேன் என்று டீக்கடையில் சவால் விட்டவர்கள் எல்லோரும் தோற்றார்கள். ஊக்கு மாட்டிய ரப்பர் செருப்பு எல்லா வரிசையிலும் இருந்தது, ஊக்கை மாட்டிய விதமும் ஒன்றாகவே இருந்தது.

யாரோ ஒருவர், எந்த வாசல்காரர் என்று இன்றுவரை தெரியாது, இட்லிக் கடை அற்புதமேரியின் பிய்ந்த செருப்பை எடுத்துவிட்டு அதே அளவில் புதுச் செருப்பு வைத்துவிட்டுப் போனார். அற்புதமேரி பழையதுதான் தன் கால் ஆணிக்குத் தோதாக இருந்தது, அதைக் கொடுங்கள் என்று முக்கில் நின்று சண்டை போட்டாள், மறு வாரம் பழையதும் வந்துவிட்டது. கொட்டு அடிக்கிற தகராறு அந்த வருஷம் வரவேயில்லை. என் செருப்பு உன் வாசலில் கிடக்கும்போது உன்னோடு எப்படி மல்லுக்கு நிற்பது என்று ஆளாளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. வெளியூரிலிருந்து காரில் வந்த இரண்டு பேர், நம்முடைய செருப்பு நம்முடைய வாசலில்தான் இருக்க வேண்டும் என்று வீராவேசமாகப் பேசிவிட்டு, திரும்பிப் போகும்போது பளபளப்பான ஷூக்களைத் தேடிக்கொண்டு நார் விரிப்பில் வந்தார்கள். அவர்களுக்கும் சர்பத் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

ஊர் இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மனுஷனுடைய செருப்பு எந்த வாசலிலும் கிடைக்கவில்லை. அது அம்மன் கோயில் கமிட்டிச் செயலாளர் சொரிமுத்துவின் செருப்பு.

சொரிமுத்து அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படிக்கட்டில் தொங்குகிறவனைக் கடைசி சீட்டிலிருந்தே சத்தம் போட்டு உள்ளே இழுத்துவிடுகிற குரல், ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான் என்கிற பிடிவாதம், இரண்டும் வேலையோடு ஓய்வு பெறவில்லை. முதல் செவ்வாயன்று சனத்தைத் திரட்டிப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனவரே அவர்தான். எல்லோரும் அவரவர் செருப்பைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு போனார்கள், பெருவிரல் வளையம் வைத்த அவருடைய தோல் செருப்பு மட்டும் இல்லை. இரண்டாவது வாரம் புதுச் செருப்போடு வந்தார், அதுவும் போயிற்று. மூன்றாவதாக ஒரு மலிவான ரப்பர் செருப்பு வாங்கினார், அதுவும் அதே வழியில் போயிற்று. அதற்குப் பிறகு அம்மனுக்கு வெறுங்கால் விரதம் நேர்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். எதற்கு நேர்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் தேடாத இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தண்ணீர்த்தொட்டித் தெருவின் கடைசி வீடு. அங்கே அவருடைய ஒரே மகள் கோமதி இருந்தாள். அவள் கட்டிக்கொண்டது மன்சூரை, அதாவது அவருடைய பஸ்ஸில் டிரைவராக இருந்த மீராசாவின் மகனை. சொரிமுத்து விசில் கொடுக்க மீராசா வண்டியை எடுக்க, மீராசா ஹாரன் அடிக்க சொரிமுத்து கதவைச் சாத்த, ஒரே வண்டியில் தலை நரைத்தவர்கள், ஒருவர் வீட்டுக் கோயில் கொடைக்கும் இன்னொருவர் வீட்டுப் பெருநாளுக்கும் சாப்பாட்டுத் தூக்கு போய் வந்துகொண்டிருந்தவர்கள். பிள்ளைகள் இரண்டும் பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டு, அவள் அவள் விளக்கை ஏற்றிக்கொள்ள அவன் அவன் தொழுகையைத் தொழுதுகொள்ளத் தனி வீடு பார்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்த அன்று, காலை டீக்கு வந்த சொரிமுத்து டீக்கடையில் அத்தனை பேர் கேட்கச் சொன்னார், அந்த வாசலுக்கு நான் வரமாட்டேன், என் செருப்புகூட வராது என்று. சாயங்கால டீக்கு வந்த மீராசாவும், இவர் சொன்னது தெரியாமல், அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே வார்த்தையைச் சொன்னார்.

கோபத்தில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் அது. செருப்புக்கும் இதில் ஒரு கருத்து இருக்கக்கூடும் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை.

மீராசாவும் அந்த ஆடி மாதத்திலிருந்து வெறுங்காலோடுதான் திரிந்தார். மனைவி இறந்த பிறகு ஒற்றையாளாக இருந்த அவர், உள்ளங்காலில் நரம்பு முடிச்சு இருக்கிறது, மண்ணில் படவேண்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிக்கொண்டார். இரண்டு பேரும் நார் விரிப்பில் எதிரெதிரே வந்தால் ஒருவர் பஸ் ஸ்டாப்பைப் பார்ப்பார், இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார். ஊர் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது.

சொரிமுத்துவின் மனைவி இசக்கியம்மாள் மட்டும் ஒருமுறை வாய் தவறிவிட்டாள். நான்காவது ஜோடி வாங்கலாமா என்று அவர் யோசித்தபோது, இன்னும் எத்தனை ஜோடிதான் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள் என்று கேட்டாள். எங்கே என்று அவர் அதட்டினார். குப்பையில்தான், வேறெங்கே என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

புரட்டாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் அவள் அவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, ரசம் ஊற்றாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"கோமதியும் அந்தப் பையனும் ஷார்ஜாவுக்குப் போறாவ. வார வியாழக்கெழம" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை செருப்பெடுக்கப் போகிறேன் அல்லவா, வருகிற வழியில் தண்ணீர்த்தொட்டித் தெருவைச் சுற்றிக்கொண்டு, வாசலில் நின்றபடியே அவளைப் பார்த்துவிட்டு வருவேன் என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு அது வழியே இல்லையே என்றார். எனக்கு அதுதான் வழி என்றாள். மன்சூர் முக்கில் வைத்திருந்த செல்போன் ரிப்பேர்க் கடை நன்றாகத்தான் ஓடியது; கடைக்கு ஊரில் எல்லோரும் வந்தார்கள், வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை. இந்த அப்பாவுக்கும் அந்த வாப்பாவுக்கும் பயந்து சொந்தமும் சினேகிதமும் அந்தத் தெருவையே மறந்துவிட்டன. விரிப்பில் நின்று மணிக்கணக்காகப் பேசிச் சிரிக்கிற இந்த ஊரில் அந்த ஒரு வாசலைத் தாண்டுவதற்கு மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"போயிட்டாள்னா இனிமே வரமாட்டா. எதுக்கு வரணும்? யாரு இருக்கா இங்க?" என்று சொல்லி இசக்கியம்மாள் ரசத்தை ஊற்றினாள்.

போனால் போகட்டும் என்று சொரிமுத்து சொன்னார். சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். மகள் ஊரில் இருக்கிறாள், பேசாவிட்டாலும் இருக்கிறாள், முக்கில் நின்றால் என்றைக்காவது ஒரு நாள் துப்பட்டாவின் ஓரமாவது கண்ணில் படும் என்பதை வைத்துத்தான் இத்தனை நாளும் தன் கோபத்தைப் பத்திரமாக வளர்த்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் இல்லாத ஊரில் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவருக்குப் பயமாக இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் பிரேக் பிடிக்காமல் போன நாளில்கூட அப்படிப் பயந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை உச்சிப் பூசையில் கண்ணை மூடி நின்றவருக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. வெளியே வந்தார். சனம் வழக்கம்போல நார் விரிப்பில் பள்ளிவாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. விரிப்பின் நடுவில், போகிறவர்கள் இரண்டு பக்கமும் விலகிப் போக, மீராசா நின்றுகொண்டிருந்தார். இந்த முறை அவர் வானத்தைப் பார்க்கவில்லை.

"வே கண்டக்டரே" என்றார்.

அந்தப் பெயரை அந்தக் குரலில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. சொரிமுத்து நின்றார்.

"ஊரே செருப்பு போட்டுக்கிட்டு நடக்கு. ஒமக்கும் எனக்கும் மட்டும்தான் காலு வேவுது."

"நான் அம்மனுக்கு நேந்திருக்கேன்."

"நானுந்தான் டாக்டர் சொன்னாருன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதேன். எந்த டாக்டர்னு ஒருத்தன் கேக்கல பாத்தேரா? அவ்வளவு மரியாத வச்சிருக்கானுவ." மீராசா குரலைத் தாழ்த்தினார். "ஒம்ம செருப்பு எங்க கெடக்குன்னு ஒமக்குத் தெரியும்லா?"

சொரிமுத்து பஸ் ஸ்டாப்பைப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தெரியும் என்றார்.

"என்னுது அதுக்குப் பக்கத்துலதான் கெடக்கு. நேத்து சைக்கிள்ல அந்தப் பக்கம் போனேன். எறங்கல. பாத்துட்டு வந்துட்டேன்."

"வியாழக்கெழம போறாவளாம்."

"அதத்தான் நானும் கேள்விப்பட்டேன்."

தண்ணீர் தெளிக்கிற ஆள் குடத்தோடு வந்து, இவர்களைப் பார்த்ததும் தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே என்றார் சொரிமுத்து. அதைச் சொல்லும்போது வழக்கமான சத்தம் வரவில்லை.

"என்ன வே சொன்னோம்? செருப்புகூட வராதுன்னு சொன்னோம். அது ஆடி மாசமே போயிருச்சு. சொல்லு அன்னைக்கே ஒடஞ்சு போச்சு" என்றார் மீராசா. "செருப்பு போயிருச்சு. நாமதான் இன்னும் போவல."

இரண்டு பேரும் நார் விரிப்பை விட்டு இறங்கினார்கள். தண்ணீர்த்தொட்டித் தெருவுக்கு விரிப்பு கிடையாது. தார் கொதித்தது, பிறகு சரளைக்கல் குத்தியது, பிறகு புழுதி சுட்டது. முன்னால் மீராசாவும் பின்னால் சொரிமுத்துவுமாக, பஸ்ஸில் எந்த வரிசையில் இருந்தார்களோ அதே வரிசையில், ஒருவரையொருவர் பார்க்காமல், வேகத்தைக் குறைக்காமல் போனார்கள். வழியில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த நேரம் பார்த்து வேறு எதையோ செய்தார்கள். ஒருத்தி காய்ந்த துணியை மறுபடி காயப்போட்டாள், கடைக்காரர் பூட்டாத கடையைத் திறந்தார். ஒரு தெரு முழுவதும் சேர்ந்து ஒன்றையும் பார்க்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

கடைசி வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. கோலத்தின் நடுவில் செருப்புகள் இருந்தன. பெருவிரல் வளையம் வைத்த தோல் செருப்பு, அதை ஒட்டி அவர் வாங்கிய புதுச் செருப்பு, அந்த மலிவு ரப்பர் செருப்பு, பக்கத்தில் மீராசாவின் கறுப்புச் செருப்பும் அவர் ரகசியமாக வாங்கித் தொலைத்த இன்னும் இரண்டு ஜோடியும். ஒன்றின்மேலும் தூசி இல்லை. கோலத்தின் கோடு ஒவ்வொரு ஜோடியிடமும் வந்து, இடிக்காமல் வளைந்து, சுற்றிக்கொண்டு போயிருந்தது. தினமும் போட்டால்தான் ஒரு கோலம் அப்படி வளையப் பழகும்.

உள்ளே பெட்டி கட்டுகிற சத்தம் கேட்டது, நின்றது. கோமதி வந்து நிலைப்படியில் நின்றாள். மெலிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கையில் சணல் கயிற்றோடு மன்சூர் நின்றான், வாப்பாவைப் பார்த்ததும் கயிற்றை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

யாராவது ஏதாவது பேச வேண்டியிருந்தது. பேருந்து நிறைந்த கூட்டத்தை ஒரே ஆளாக அதட்டிய சொரிமுத்துவுக்குக் கடைசியில் வாயில் வந்தது இதுதான்.

"செருப்பு இங்க கெடக்குன்னு சொல்லி அனுப்பக் கூடாதா?"

கோமதி செருப்பைப் பார்த்தாள்.

"எங்க வாசல்ல எங்க ரெண்டு ஜோடியத் தவிர வேற செருப்பு கெடந்ததே இல்லப்பா" என்றாள். "மொத நாளு எடுத்துக் குடுத்து விடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் கெடக்கட்டும்னு விட்டுட்டேன். ரோட்டுல போறவங்க பாத்துட்டு, அப்பா வந்திருக்காவளாம்மான்னு கேப்பாங்க. ஆமா, உள்ள இருக்காவன்னு சொல்லிக்கிடுவேன்."

அவள் அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அழுதது மீராசா. கறுப்புச் செருப்பைக் குனிந்து எடுக்கப் போனவர் எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றார். எல்லோரும் போகிறதும் வருகிறதுமாக இருக்கிற ஊரில், தன் பெண் வெறும் செருப்புக்குக் கோலம் போட்டு, வராத அப்பனை வந்ததாகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று நினைக்கையில் சொரிமுத்துவுக்குத் தன்மேல் தாங்க முடியாத வெட்கம் வந்தது.

உள்ளே போவதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டிய வேலைகூட அவர்களுக்கு இல்லை. கோலத்தை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து, நிலைப்படியில் தலையைத் தாழ்த்தி, முதலில் சொரிமுத்து போனார், பின்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு மீராசா போனார். உள்ளே கட்டி வைத்த ஒரு பெட்டியின்மேல் இசக்கியம்மாள் வெகு சாவதானமாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய செருப்பு செவ்வாய்க்கிழமை என்பதால் பள்ளிவாசலில் கிடந்தது, அதனால் வாசலில் துப்புக் கிடைக்கவில்லை. வருவதற்கு இவ்வளவு நேரமா என்று அவள் இரண்டு பேரையும் பொதுவாகக் கேட்டாள்.

கோமதி டீ போடப் போனாள். போனவள் திரும்பி வந்து, டம்ளர் இரண்டுதான் வெளியே இருக்கிறது, மற்றதெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது என்றாள். கடையில் வாங்கி வருகிறேன் என்று மன்சூர் கிளம்பினான். கடை டீ குடிக்கவா இவ்வளவு தூரம் கால் வெந்து வந்தோம் என்று மீராசா அவனைப் பிடித்து நிறுத்திவிட்டு, கீழே உட்கார்ந்து, மகன் காலையிலிருந்து கட்டி வைத்திருந்த கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தார். முதல் பெட்டியில் டம்ளர் இல்லை, துணிதான் இருந்தது. அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு அடுத்த பெட்டியை இழுத்தார். அதில் குத்துவிளக்கும் தொழுகை விரிப்பும் ஒன்றில் ஒன்று சுற்றி, உடையாமல் கசங்காமல் இருந்தன. அதையும் வெளியே எடுத்து வைத்தார். வியாழக்கிழமையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, யாரும் பேசவில்லை. பெட்டிகள் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன.

அப்போது வாசலில் யாரோ நின்றார்கள். பள்ளிவாசலில் செருப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகச் சுற்றி வந்த எதிர்வீட்டுப் பெண், கோலத்தின் நடுவில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, எப்போதும் கேட்கிற மாதிரி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கோமதி, ஒங்க அப்பா வந்திருக்காவளா?"

அடுப்படியில் கோமதி வாயைத் திறந்தாள்.

"ஆமாம்மா" என்றார் சொரிமுத்து, தெருக்கோடிவரை கேட்கிற தன் பஸ் குரலில். "வந்திருக்கேன்."